புகையை மரபென்று நம்பிய காலம்: சாந்தா ஃபே அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாந்தா ஃபே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரின் ஓரத்தில், அருங்காட்சியகங்கள் பல அடுத்தடுத்து நிற்கும் மேட்டில், மண்சுவர் வீட்டுப் பாணியில் ஒரு பழைய இல்லம் உண்டு. ஜான் கா மீம் என்ற கட்டடக் கலைஞர் 1930-இல் வடிவமைத்தது. 2002-இல் அது ஸ்பானிய குடியேற்றக் காலக் கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே இருக்கும் தொகுப்பில் 3,700-க்கும் மேற்பட்ட பொருள்கள்: மரத்தில் செதுக்கிய புனிதர்கள், பலகையில் தீட்டிய படங்கள், கம்பளங்கள், தகரச் சட்டங்கள், வைக்கோல் பதித்த சிலுவைகள்.

அருங்காட்சியகம் புதிது என்றாலும் அதன் பின்னால் இருக்கும் சங்கம் பழையது. 1925-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் நூறாண்டு வரலாற்றில் அருங்காட்சியகத் துறையினர் அனைவரும் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அழியும் கலையைக் காப்பாற்ற வருபவர், அந்தக் கலை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். சாந்தா ஃபேயில் அப்படித்தான் நடந்தது. அதைத் திருத்தியவர்கள், பெரும்பாலும், பொருள்களைச் செய்த மக்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தாம்.

தூரம் உண்டாக்கிய கலை

1598-இல் ஸ்பானியர் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் குடியேறியபோது, அவர்களுக்கு அருகில் இருந்த பெருநகரம் மெக்சிகோ நகரம். அருகில் என்றால் 2,500 கிலோமீட்டர். வண்டிகள் வந்து சேரப் பல மாதம் ஆகும். அந்த வண்டிகளில் எண்ணெய் வண்ண ஓவியங்களும் பளிங்குச் சிலைகளும் மலைக் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் விதைப்பு நாளில் வயலுக்குத் தூக்கிச் செல்லப் புனித இசிதோர் வேண்டும். தொலைந்த பொருளைத் தேடித்தரப் புனித அந்தோணி வேண்டும். எனவே ஊரிலேயே செய்துகொண்டார்கள்.

செய்த பொருள் சாந்தோ, செய்தவர் சாந்தேரோ. முழு உருவமாகச் செதுக்கினால் பூல்த்தோ, பலகையில் தீட்டினால் ரெத்தாப்லோ. பல பலகைகளை அடுக்கிப் பீடத்தின் பின்னால் சுவராக நிறுத்தினால் ரெரேதோஸ். நில வரைபடங்கள் தயாரித்த பெர்னார்தோ மியெரா இ பச்சேகோ (1713–1785) ஓவியரும்கூட. நியூ மெக்சிகோ மண்ணிலேயே பிறந்த சாந்தேரோக்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல்வர் பேத்ரோ அந்தோனியோ ஃப்ரெஸ்கீஸ் (1749–1831). அடுத்த தலைமுறையில் ஹொசே ரஃபாயேல் அராகோன், கோர்தோவா என்ற மலைக் கிராமத்தில் இருந்தபடி சுற்றுவட்டார ஆலயங்களுக்கெல்லாம் வேலை செய்தார்.

ஒரு ரெத்தாப்லோ எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனெனில் பிறகு வரும் சிக்கல்கள் அனைத்தும் அந்தப் பலகைக்குள்ளேயே இருக்கின்றன. பைன் மரத்தைப் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கிப் பலகையாக்குவார்கள். பின்புறத்தில் வாய்ச்சியின் தடம் இன்றும் விரலுக்கு அகப்படும். மலையில் கிடைக்கும் ஜிப்சம் கல்லைச் சுட்டு, பொடித்து, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைத்து, பலகை மேல் பூச்சு மேல் பூச்சாக ஏற்றித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அந்த வெண்பரப்பில்தான் நிறம் ஏறும். சிவப்புக்குத் தெற்கிலிருந்து வணிகத்தில் வந்த கொச்சினீல் பூச்சி, நீலத்துக்கு அவுரி, காவிக்கும் மஞ்சளுக்கும் உள்ளூர் மண், கறுப்புக்குக் கரி. எல்லாம் நீரில் கரைத்த வண்ணங்கள். கடைசியாகப் பிஞ்ஞோன் என்ற சிறு பைன் மரத்தின் பிசினைச் சாராயத்தில் கரைத்து மேலே பூசுவார்கள். பூசிய அன்று அது கண்ணாடிபோல் இருக்கும், அடியில் இருக்கும் சிவப்பும் நீலமும் கூர்ந்து தெரியும்.

பிறகு அந்தப் படம் வீட்டுக்கோ ஆலயத்துக்கோ போகும். முன்னால் மெழுகுவர்த்தி எரியும். பிசின் ஆண்டுக்கு ஆண்டு பழுக்கும், புகை படியும். நூறு ஆண்டில் முழுப் படமும் பழுப்பாகிவிடும்.

கடையில் வாங்கிய புனிதர்கள்

இந்தக் கலைக்கு இறங்குமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1821-இல் கிழக்கிலிருந்து வணிகப் பாதை திறந்தது. 1846-இல் அமெரிக்கப் படை நுழைந்தது. 1851-இல் வந்து சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் லாமி என்ற பிரெஞ்சு ஆயருக்கு உள்ளூர் மரச் சிலைகள் முரட்டுத்தனமாகத் தெரிந்தன. 1880-இல் ரயில் வந்த பிறகு அச்சிட்ட படங்களும் சுண்ணச் சிலைகளும் மலிவாகக் குவிந்தன. பல ஆலயங்களில் பழைய சாந்தோக்கள் பின்னறைக்குப் போயின. அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டது பெனித்தெந்தே எனப்படும் எளிய மக்களின் பக்திச் சகோதரத்துவம். மொராதா என்ற தங்கள் சிறு வழிபாட்டு வீடுகளில் அவர்கள் அவற்றை வைத்துக் காத்தார்கள். அருங்காட்சியகங்கள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கலைக்குக் காப்பாளர்கள் இருந்தார்கள் என்பதைச் சுவர்க் குறிப்புகளில் முதல் வரியாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அதே வணிகப் பாதை ஒரு புதுக் கலையையும் தந்தது. படை முகாம்களும் வணிகர்களும் எறிந்த கொழுப்பு டப்பாக்கள், எண்ணெய் டப்பாக்கள். தங்கமும் வெள்ளியும் காணாத கொல்லர்கள் அவற்றைப் பிரித்துத் தட்டி, ஆணியால் புள்ளியிட்டு, படச் சட்டங்களும் மெழுகுவர்த்தித் தாங்கிகளும் செய்தார்கள். சில சட்டங்களின் பின்னால் டப்பாவின் வணிக முத்திரை இன்னும் இருக்கிறது.

1925-க்குப் பிறகு

எழுத்தாளர் மேரி ஆஸ்டினும் ஓவியர் ஃபிராங்க் ஆப்பிள்கேட்டும் சங்கத்தைத் தொடங்கியவர்கள். இருவருமே வெளியூரிலிருந்து வந்து சாந்தா ஃபேயில் தங்கிவிட்டவர்கள். 1926-இல் முதல் ஸ்பானியச் சந்தை நடந்தது. பரிசு அறிவித்து மலைக் கிராமங்களிலிருந்து வேலைப்பாடுகளை வரவழைத்தார்கள். 1930-இல் நகரில் ஒரு கடையும் திறந்தார்கள்.

அவர்கள் செய்தவற்றில் மிகச் சிறந்தது 1929-இல் நடந்தது. சிமாயோ என்ற ஊரில் 1816-இல் கட்டி முடித்த சிற்றாலயம் ஒன்று தனியார் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. குடும்பம் நொடித்துப்போய், உள்ளே இருந்த பொருள்கள் விலைக்குப் போகத் தொடங்கின. மேரி ஆஸ்டின் பெயர் வெளியிட விரும்பாத கொடையாளர் ஒருவரிடம் பணம் பெற்றார். சங்கம் ஆலயத்தை உள்ளிருந்த பொருள்களோடு வாங்கி, சாந்தா ஃபே உயர்மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தது. ரெரேதோஸ்கள் எந்தச் சுவருக்காகத் தீட்டப்பட்டனவோ அந்தச் சுவரிலேயே நின்றன. இன்றும் பக்தர்கள் அங்கே நடந்தே வருகிறார்கள். அருகில் இருக்கும் மற்றொரு சிற்றாலயத்தின் குழந்தை இயேசு இரவில் ஊர் சுற்றிக் காலணியைத் தேய்த்துவிடுவார் என்று நம்பி, மக்கள் புதுக் குழந்தைக் காலணிகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எந்தக் கண்ணாடிப் பேழையாலும் அந்தக் காலணிகளுக்கு இடம் தர முடியாது. பொருளை இருக்கும் இடத்திலேயே விட்டுவைக்க வாய்ப்பிருந்தால் அதுவே முதல் வழி என்பதற்குச் சிமாயோவை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆப்பிள்கேட் 1931-இல் இறந்தார், ஆஸ்டின் 1934-இல். பொருளாதார மந்தமும் சேர, சந்தை நின்றுபோனது. சங்கத்துக்கு மறுபடி உயிர் தந்தவர் ஈ. பாய்ட். 1951-இல் மாநில அருங்காட்சியகத்தில் ஸ்பானியக் காலக் கலைப் பிரிவின் காப்பாட்சியராகப் பொறுப்பேற்று, 1974-இல் இறக்கும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார். எந்தப் பலகை யார் கைவேலை என்று பிரித்துக் காட்டும் முறையை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பலகையின் மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறை தென்மேற்கு அமெரிக்காவில் ஏற்கனவே வளர்ந்திருந்ததால், சாந்தோக்களுக்கும் அது பயன்பட்டது. 1965-இல் சந்தை மீண்டும் தொடங்கி, பின்னர் ஜூலை மாதக் கடைசி வார இறுதியில் நகரச் சதுக்கத்தில் நடக்கும் பெரிய நிகழ்ச்சியாக வளர்ந்தது.

வண்ணம் வேண்டாம் என்றார்கள், பிறகு பளிச்சென்று வேண்டாம் என்றார்கள்

கோர்தோவா கிராமத்துத் தச்சர் ஹொசே தோலோரெஸ் லோப்பெஸ் (1868–1937). கதவு, நாற்காலி, பெட்டி எல்லாம் செய்து, பளபளக்கும் வீட்டு வண்ணங்களை அடித்துக் கொடுப்பவர். ஊர்க்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. 1920-களில் ஆப்பிள்கேட்டும் நண்பர்களும் அவருடைய கைத்திறனைக் கண்டு வியந்தார்கள், ஆனால் நிறம் அவர்கள் கண்ணை உறுத்தியது. வண்ணம் பூசாமல் கொடுத்தால் சாந்தா ஃபே வீடுகளுக்கு ஏற்றதாக இருக்கும் என்றார்கள். லோப்பெஸ் வண்ணத்தை விட்டார். அது போன இடத்தைச் சிறு சிறு வெட்டுக் கோலங்களால் நிரப்பினார்: இலை நரம்புகள், இறகு வரிகள், முக்கோணக் கீறல்கள், அனைத்தும் கத்தி முனையில். ஆதாமும் ஏவாளும் நிற்கும் மரத்தில் ஒவ்வோர் இலையும் தனியாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பாணியை அவர் மகன் ஜார்ஜ் லோப்பெஸ் தொடர்ந்தார். 1982-இல் அமெரிக்க அரசு முதன்முதலாகத் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதுகளை வழங்கியபோது பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அழகான கலை, சந்தேகமில்லை. ஆனால் அதைப் பழங்கால ஸ்பானிய மரபு என்று சொல்வது பொருந்தாது. பழைய சாந்தோக்களில் வண்ணம் பூசாதது அரிது. வண்ணமில்லா மரம் என்பது வாங்குபவரின் ரசனையும் செய்பவரின் அறிவுக்கூர்மையும் சேர்ந்து பெற்ற பிள்ளை. நூறாண்டு கடந்த பிறகு அதுவும் கோர்தோவாவின் மரபுதான். ஆனால் எப்படி மரபானது என்பதைப் பார்வையாளருக்குச் சொல்லாமல் விடும் அருங்காட்சியகம் பாதிக் கடமையைத்தான் செய்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து அதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. சாந்தா ஃபேக்கு அருகே பிறந்த லூயிஸ் தாப்பியா 1970-களின் தொடக்கத்தில் சாந்தோ செதுக்கத் தொடங்கினார். பழைய பொருள்களைக் கூர்ந்து படித்தவர். அவை செய்த நாளில் மங்கலாக இருக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. எனவே பளிச்சென்ற வண்ணங்களைத் தீட்டினார். சந்தையை நடத்தியவர்களுக்கு அது மரபு மீறலாகத் தோன்றியது, தாப்பியா வெளியேற நேர்ந்தது. அவரும் நண்பர்களும் தங்களுக்கென்று ஒரு கலைஞர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஆற்றாமை வருகிறது. பழுக்காத பிசினையும் புகை ஏறாத நீலத்தையும் தேடிப்போன ஒருவரை, புகையேறிய பலகையைக் காட்டி மரபு இதுதான் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர், கலையை நேசித்தவர்கள். ஆனால் அவர்கள் நேசித்தது நூறாண்டு மெழுகுவர்த்தி முன்னால் நின்ற பொருளை. ஃப்ரெஸ்கீஸ் பலகையைக் கையிலிருந்து கீழே வைத்த அன்றைக்கு அது எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கைகள் தொகுப்புக்குள் நுழைந்தபோது

நிலை மாறியதற்கு முக்கியக் காரணம், செய்யத் தெரிந்தவர்களே ஆராய்ச்சியாளர்களாகவும் ஆனது. சார்லி கரில்லோ என்ற சாந்தேரோ மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜிப்சம் சுடுவதிலிருந்து பிசின் கரைப்பதுவரை பழைய முறைகளைத் தாமே செய்து பார்த்து, பலருக்குக் கற்றுக்கொடுத்து, 2006-இல் தேசிய விருது பெற்றார். ஒரு பலகையின் நிறத்தைப் பற்றி அவரைப்போன்ற ஒருவர் சொல்வதற்கும், பேழைக்கு வெளியே நின்று மட்டும் பார்த்தவர் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. புதிதாகச் செய்த ஒரு ரெத்தாப்லோவைப் பழையதன் பக்கத்தில் வைத்தாலே போதும், ஐந்து பக்க விளக்கம் செய்யாததை அது செய்துவிடும். பழையதும் புதியதும் அடுத்தடுத்து இருப்பது இந்த அருங்காட்சியகத்தின் வலிமை. சங்கம் சந்தையில் கலைஞர்களிடமிருந்தே வாங்கித் தொகுப்பில் சேர்த்ததால் அது கைகூடியது.

இதற்கு முன்னோடியாக ஒரு தம்பதி இருந்தார்கள். 1930-களில் அரசு கலைஞர்களுக்கு வேலை கொடுத்த திட்டத்தில், எலிசேயோ ரொத்ரீகெஸ் என்ற இளம் ஓவியரிடம் வைக்கோல் பதிக்கும் கலையை மீட்டெடுக்கச் சொன்னார்கள். அப்போது அதைச் செய்பவர் அநேகமாக யாரும் இல்லை, சில பழைய சிலுவைகள்தாம் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து அவர் கண்டுபிடித்தார். மரச் சிலுவைக்குக் கரி கலந்த பைன் பிசினைப் பூச வேண்டும். கோதுமைத் தாளை நீளவாக்கில் கீறி, விரித்து, தட்டையாக்கி, நகத்தளவும் அதற்குக் குறைவாகவும் நறுக்கி, கறுப்பின் மேல் ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்ட வேண்டும். விளக்கொளி பட்டால் தங்கத் தகடுபோல் மின்னும். ஏழையின் பொன் என்று அதற்குப் பெயர். எலிசேயோவும் மனைவி பாவ்லாவும் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பித்தார்கள். 2004-இல் இருவருக்கும் சேர்த்துத் தேசிய விருது கிடைத்தது. எஞ்சியிருந்த சில சிலுவைகளையும் யாராவது விற்றோ எரித்தோ இருந்தால், பார்த்துக் கற்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. பேழைக்குள் வைத்துக் காப்பதன் நியாயம் எனக்கு இந்த இடத்தில்தான் முழுதாக விளங்குகிறது.

கம்பளத்திலும் இதே கதைதான், அதன் நடுவில் ஆடுகள் வருகின்றன. ஸ்பானியர் கொண்டுவந்த சுர்ரோ ஆட்டின் நீண்ட, எண்ணெய்ப்பசை குறைந்த கம்பளிதான் ரியோ கிராண்டே நெசவின் உடல். இருபதாம் நூற்றாண்டில் அந்த இனம் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1977-இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லைல் மெக்நீல் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். 1983-இல் வட நியூ மெக்சிகோவின் லோஸ் ஓஹோஸ் ஊரில் நெசவாளர் கூட்டு முயற்சி ஒன்று பிறந்தது. நூறு கம்பளங்களை இருட்டறையில் மடித்து வைத்தாலும், ஆடு இல்லாவிட்டால் நூற்றியோராவது கம்பளத்தை யாராலும் நெய்ய முடியாது.

பேழைக்குள் நடப்பவை

மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். ஜிப்சம் பூச்சு அப்படி அசையாது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஈரப்பதம் ஏறி இறங்கும்போதெல்லாம் பூச்சு விரிசல் விட்டு, செதில் செதிலாக எழும்பும். சாந்தா ஃபேயின் காற்று மிக வறண்டது, கோடை மழைக்காலத்தில் மட்டும் திடீரென்று ஈரம் ஏறும். எனவே ஈரப்பதத்தை எந்த அளவில் வைத்தாலும் அதை ஆடாமல் வைப்பதே முதல் வேலை. கம்பளத்துக்கும் கொல்ச்சா என்ற கம்பளி நூல் பூத்தையலுக்கும் வெளிச்சமே பகை. 50 லக்ஸ் அளவு மங்கல் ஒளியில், அதுவும் முறை வைத்து மாற்றி மாற்றித்தான் காட்ட வேண்டும்.

தூய்மை செய்வது அதைவிடக் கடினம். அடியில் இருக்கும் வண்ணம் நீரில் கரையும், மேலே இருக்கும் பிசின் சாராயத்தில் கரையும். புகையை எடுக்கப் போனால் படமே போய்விடலாம். பக்தர்கள் தம் புனிதருக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் அதை நீக்குவதா வைப்பதா என்ற கேள்வியும் வரும். அந்த மறுபூச்சும் வழிபாட்டின் ஒரு பகுதி என்பதால், அவசரப்பட்டு நீக்கக்கூடாது என்பதே என் நிலை. புகையையும் அப்படியே விட்டுவிடலாம். சுவர்க் குறிப்பில் மட்டும், நீங்கள் காணும் பழுப்பு மெழுகுவர்த்தியினுடையது, ஓவியருடையது அல்ல என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

பெயர்

சங்கத்தின் பெயரிலும் அருங்காட்சியகத்தின் பெயரிலும் இருந்த ஸ்பானிய குடியேற்றக் காலம் என்ற சொல் பலரை நெடுநாள் உறுத்தியது. 1680-இல் புவெப்லோ என்ற பழங்குடி மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் விரட்டிவைத்த மண் அது. ஹெனீசரோ எனப்படுவோர், சிறைப்பட்டும் விலைக்கு விற்கப்பட்டும் ஸ்பானிய ஊர்களில் குடியேறிய பழங்குடியினரின் வழித்தோன்றல்கள். 2007-இல் மாநிலச் சட்டமன்றம் அவர்களை முறையாக அங்கீகரித்தது. சாந்தோக்கள் முன்னால் மண்டியிட்டவர்களிலும் அவற்றைச் செய்தவர்களிலும் கலந்த வம்சத்தவர் ஏராளம். தவிர, ஸ்பெயினின் ஆட்சி 1821-இல் முடிந்துவிட்டது. தகர டப்பாச் சட்டமும், லோப்பெஸின் மரமும், ரொத்ரீகெஸ் தம்பதியின் சிலுவைகளும் அதற்குப் பின் வந்தவை.

அருங்காட்சியகம் இப்போது நுவேவோ மெஹிகானோ பாரம்பரியக் கலை அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்குகிறது. நுவேவோ மெஹிகானோ என்றால் நியூ மெக்சிகோக்காரர். முன்பு பேரரசின் காலத்தைச் சொன்ன பெயர்ப்பலகை இப்போது ஊர் மக்களைச் சொல்கிறது. இதை நான் நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன். புவெப்லோ மக்களின் உழைப்பும் ஹெனீசரோக்களின் துயரமும் உள்ளறைக் குறிப்புகளில் எவ்வளவு வெளிப்படையாக வருகின்றன என்பதை வைத்துத்தான் பெயரின் உண்மையை அளக்க முடியும்.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்களின் மேசையோடு சேர்ந்தே பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்குவார்கள். பத்து வயதுப் பிள்ளை தான் செய்த ரெத்தாப்லோக்களைப் பரப்பி வைத்திருக்கும், விலையைக் கையாலேயே எழுதியிருக்கும். அதே ஜிப்சம், அதே பிஞ்ஞோன் பிசின். புனிதரின் கண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம். நிறம் மட்டும், ஜூலை வெயிலில், இன்னும் ஒரு மெழுகுவர்த்தியும் காணாத சிவப்பாக இருக்கும்.